துளைக்குள் ஏறும் செம்பு

அந்தக் கட்டடத்துக்குப் புதிதாகப் பார்சல் கொண்டுவருகிறவர்கள் கீழே நின்று "முலாம் போடுற வீடு எந்த மாடி?" என்று கேட்டால், வாசலில் இருப்பவர்கள் "ஏறிக்கிட்டே போங்க, மூக்கு சொல்லும்" என்பார்கள். அது கொஞ்சம் அநியாயம். ஐந்தாம் மாடியில் செம்பக்கா வீட்டில் அப்படியொன்றும் நெடி கிடையாது. பின்பக்கத்துப் பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்து, காற்றை வெளியே தள்ள ஒரு விசிறி மாட்டி, தரையில் ஓடு பதித்து, பிளாஸ்டிக் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தாள். குளியலறைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பது மட்டும் ஒரு சங்கடம். ஒரு தடவை விருந்தாளி ஒருவர் நீலத் தண்ணீரைப் பார்த்து, "துணிக்குப் போடற நீலமா?" என்று கையை விடப் போனார். செம்பக்கா போட்ட சத்தத்தில் அவர் குளிக்காமலே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

செம்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இளம் வயதில் அவள் ஒரு போலி நகைப் பட்டறைக்கு வேலைக்குப் போனாள். தோடுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவதுதான் வேலை. ஒரு நாள் முலாம் போடுகிறவர் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு மேலங்கியைக் கழற்றி வீசிவிட்டுப் போய்விட்டார். முதலாளி சுற்றும்முற்றும் பார்த்தார். பக்கத்தில் நின்றவள் இவள். "நீ இத்தனை நாள் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே, நீயே போடு" என்றார். அன்றைக்குப் போட்ட முதல் கொத்து கரிக்கட்டையாக வெளியே வந்தது. அடுத்த கொத்து கொஞ்சம் தேவலை. ஒரு வருடத்தில், நகைக்குத் தங்க நிறம் ஏற்றுவதற்கு முன் அடியில் தருகிற செம்புப் பூச்சில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கடைக்காரர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பேரோடு, துணியெல்லாம் அமிலம் பட்ட ஓட்டையோடு, அவள் ஒரு லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஐந்தாம் மாடிக்கு வந்தாள். வந்ததும் பால்கனியைத்தான் முதலில் அளந்தாள்.

செம்புத் தொட்டியில் இருப்பது ஒன்றும் ரகசியமில்லை. தண்ணீர், மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பு, கந்தக அமிலம், கொஞ்சம் பிரைட்னர். பிரைட்னர் என்பது பளபளப்பு தருகிற மருந்து, சின்னக் குப்பியில் வரும். குப்பியின் மேல் எத்தனை சொட்டு என்று எழுதியிருக்கும். செம்பக்கா அதற்கு மேல் ஒரு கை தாராளமாக விடுவாள். அதனால்தான் அவள் போடும் செம்பில் முகம் பார்க்கலாம். தொழில் தொடங்கிய நாள் முதல் அந்தத் தொட்டித் தண்ணீரை அவள் மொத்தமாக மாற்றியதே கிடையாது. வற்றினால் ஊற்றுவாள், வலுக் குறைந்தால் சேர்ப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் தொட்டிதான் பிள்ளை என்று நாத்தனார் ஒரு முறை சொன்னாள். சொன்னது குத்தலா கரிசனமா என்று செம்பக்கா இன்னும் முடிவு செய்யவில்லை.

போன வருடம் சரக்கு இறக்கும்போது ஒரு பெட்டி சரிந்து டிரைவரின் இடுப்பில் விழுந்தது. எலும்புக்குக் கம்பி வைத்து அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் ஊன்றுகோல் வைத்துச் சமதளத்தில் நடக்கலாம், படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லிஃப்ட் இருந்ததால் அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. தினமும் கீழே போவார், டீக்கடை வரை நடப்பார், வருகிற போகிற வண்டிக்கெல்லாம் கியர் மாற்றக் கற்றுக்கொடுப்பார், திரும்பி வருவார்.

பிறகு ஒரு பெருமழையில் மொட்டை மாடி லிஃப்ட் அறைக்குள் தண்ணீர் இறங்கி, லிஃப்டை இயக்குகிற மின்சுற்றுப் போர்டு ஒரு மூலையில் கருகிவிட்டது.

கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வது டிரைவரின் தம்பிதான், லிஃப்ட் மெக்கானிக். அவன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். அந்த மாடல் போர்டு நிறுத்தி வெகு காலமாயிற்று, பெட்டியோடு எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டும் என்று பதில் வந்தது. குடியிருப்போர் கூட்டம் போட்டார்கள். முதல் மாடிக்காரர், "நான் லிஃப்டுல ஏறினதே இல்லையே" என்றார். "அப்போ எங்க வீட்டு விசேஷத்துக்கு மட்டும் எப்படி மேல வந்தீங்க, பறந்தா?" என்று ஆறாம் மாடிக்கார அம்மா கேட்டாள். கூட்டம் அதோடு கலைந்தது.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளில் அக்கம்பக்கத்து ஆண்கள் நான்கு பேர் டிரைவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியின் கால் மடங்கியது. அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், "இனிமே என்னை மூட்டை மாதிரி தூக்க யாரையும் கூப்பிடாதே" என்று செம்பக்காவிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில்தான் அவர் நடமாட்டம்.

இது நாத்தனார் காதுக்கு எட்டியது. டிரைவருக்கு மூத்தவள், அடுத்த ஊரில் சொந்த வீடு, எதையும் கேட்டுச் செய்கிற பழக்கமில்லாதவள். போனில் வந்தாள்.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லிட்டேன். கீழ் வீட்டு அறையைக் காலி பண்ணி வச்சாச்சு. ரெண்டு பேரும் கிளம்பி வந்துடுங்க."

"அக்கா, என் தொட்டியெல்லாம் இருக்கே."

"எந்தத் தொட்டி?"

"முலாம் தொட்டி."

"அதை யாருக்காவது குடுத்துட்டு வா. இங்க மாடியில டாக்டர் குடும்பம் வாடகைக்கு இருக்கு. அமிலம் கிமிலம்னு காதுல விழுந்தா அன்னைக்கே காலி பண்ணிடுவாங்க. உனக்கென்னம்மா, இத்தனை வருஷம் கையைச் சுட்டுக்கிட்டது போதும். சும்மா உக்காந்து சாப்பிடு."

அன்பாகத்தான் சொன்னாள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதைச் செம்பக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. புருஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த வாயால் சொல்வது?

அன்று மாலை மெக்கானிக் வந்தபோது அவன் கையில் ஒரு போர்டு இருந்தது. கருகிய போர்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, ஒவ்வொரு கோடாக வரைந்து, அவனே வீட்டில் ஒன்று செய்திருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. எங்கே பார்த்தாலும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா இது, சிலந்தி குட்டி போட்ட மாதிரி?" என்றார் டிரைவர்.

"வேலை செய்யல அண்ணே. ரெண்டு பக்கமும் சேர வேண்டிய இடத்துல எல்லாம் கம்பி சொருகி ஈயத்தால பத்த வச்சேன். சிப்புக்கு அடியில இருக்கிற ஓட்டையில பத்தவைக்க முடியல, கருவி நுழைய மாட்டேங்குது."

போர்டை மேசைமேல் போட்டுவிட்டு, பக்கத்தில் காய வைத்திருந்த தோடுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தான். ஒரு சின்ன இலை, நரம்பு நரம்பாகச் செம்பில்.

"அண்ணி, இது அச்சு வச்சு ஊத்தினதா?"

"நிஜ இலைடா. கீழ வேலியில பறிச்சது. மேல செம்பு ஏத்தியிருக்கேன்."

"இலையில கரண்டே ஓடாதே, எப்படி ஏறும்?"

"பென்சில் கரி இருக்கில்ல, கிராஃபைட், அதை நைசா அரைச்சுக் கரைச்சுப் பூசுவேன். கரி கரண்டை இழுத்துக்கும். கரி மேல செம்பு வந்து உக்காரும்."

அவன் தோட்டைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான், மறுபடி தோட்டைப் பார்த்தான்.

"அண்ணி, ஓட்டைக்குள்ள ஏத்துவீங்களா?"

"எந்த ஓட்டைக்குள்ள?"

அவன் ஒரு தகட்டை எடுத்துக் காட்டினான். மேலேயும் கீழேயும் செம்பு, நடுவில் கண்ணாடி இழை. "இது ரெண்டு மாடி வீடு. மேலயும் கரண்ட் போகுது, கீழயும் போகுது. துளை போட்டா உள் சுவர் வெறும் கண்ணாடி இழை. மேல இருக்கறது கீழ இறங்க வழியில்ல. அந்தச் சுவர் முழுக்கச் செம்பு ஏறிட்டா அதுதான் படிக்கட்டு. அப்புறம் எனக்கு ஒரு கம்பியும் வேணாம்."

"எவ்வளவு பெரிய துளை?"

"ஊசி நுழையும்."

"எத்தனை இருக்கு?"

"எண்ணாதீங்க அண்ணி, பயந்துடுவீங்க."

செம்பக்கா தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். லிஃப்ட் ஓடினால் நாத்தனாரின் வண்டி காலியாகத் திரும்பும். அவ்வளவுதான் அவளுக்குத் தேவை. "கொண்டா" என்றாள்.

"இதை நம்பி ஆளை ஏத்துவியா?" என்று டிரைவர் தம்பியிடம் கேட்டார்.

"பிரேக், கயிறு, கதவுப் பூட்டு எல்லாம் தனி அண்ணே. இந்த போர்டு, யாரு எந்த மாடியில பட்டனை அமுக்கினாங்கன்னு காது குடுத்துக் கேட்டுச் சொல்ற ஆளு. இது படுத்துக்கிட்டா லிஃப்ட் நிக்கும், விழாது."

துளை போடுகிற வேலை டிரைவருக்கு வந்தது. உட்கார்ந்தே செய்யலாம் என்பதால் அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைத்தெருவிலிருந்து ஒரு குட்டி டிரில்லை அதன் தாங்கியோடு வாங்கி வந்து ஜன்னலோரம் மாட்டினார்கள். தலைமுடியை விடக் கொஞ்சம் தடித்த முனை. கை நடுங்கினால் முறிந்துவிடும். முறியும்போதெல்லாம் அவர் திட்டிய திட்டில், எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். நெடுஞ்சாலையில் டயர் வெடித்தபோதுகூட அவர் அப்படித் திட்டியதில்லை என்று செம்பக்கா சொன்னாள். ஆனாலும் இரண்டு நாளாக அவர் தெருவைப் பார்க்கவே இல்லை.

கிராஃபைட் குழம்பைச் செம்பக்கா தூரிகையால் இரண்டு பக்கமும் தேய்த்தாள். துளைக்குள் இறங்கியது, ஆனால் அடைத்தும் கொண்டது. அடைத்தால் தண்ணீர் போகாது. முடி உலர்த்துகிற கருவியால் ஊதி, துளை ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அடுப்பில் லேசாகச் சூடுகாட்டி, மேல்பரப்பில் இருந்த கரியை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாள். துளையின் சுவரில் கரி, மேலே கீழே பளிச்சென்று செம்பு. பிறகு தகட்டை இரண்டு செம்புப் பாளங்களுக்கு நடுவில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தாள். துளைக்குள் காற்றுக் குமிழ் தங்கினால் அந்த இடத்தில் செம்பு ஏறாது. அதற்காக மீன் தொட்டிக்குப் போடுகிற காற்றுப் பம்பு ஒன்றை அடியில் வைத்து, தகட்டையும் அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே எடுத்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. மெக்கானிக் மீட்டரின் ஒரு முள்ளை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்தான். பீப். அடுத்த துளை, பீப். அவன் உட்கார்ந்த இடத்திலேயே குதித்தான்.

கோடுகளை எடுக்க, தகட்டின் மேல், வெளிச்சம் பட்ட இடம் மட்டும் இறுகுகிற ஒரு பிலிமை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினார்கள். அது துளைகளுக்கு மேல் கூடாரம் மாதிரி மூடிக்கொண்டது. வரைபடத்தை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்ட, மெக்கானிக் இரண்டாம் மாடி அழகு நிலையப் பெண்ணிடம் நகப்பூச்சு உலர்த்துகிற விளக்கை இரவல் வாங்கினான். "போர்டுக்கு நெயில் பாலிஷா? கலர் சொல்லுங்க, நானே போட்டுத் தரேன்" என்று அவள் கிண்டல் செய்துதான் கொடுத்தாள். சலவைச் சோடாவில் கழுவி, வேண்டாத செம்பை அமிலத்தில் கரைத்தபின், கோடுகளும் துளைகளும் மட்டும் நின்றன. சிப்புகளை வைத்துப் பற்றவைத்தான். மேசைமேல் மாடிக்கு ஒரு விளக்காக வரிசையாக வைத்து, போர்டுக்கு உயிர் கொடுத்தான்.

எரிந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செம்பக்கா டீ போடப் போனாள். டீயோடு வரும்போது மூன்றாம் மாடி விளக்கு அணைந்திருந்தது.

மெக்கானிக் ஒரு விரலால் போர்டை அமுக்கினான், எரிந்தது. விரலை எடுத்தான், அணைந்தது. அந்த இடத்தில் மறுபடி சூடு வைத்துப் பற்றவைத்தான். இப்போது ஐந்தாம் மாடியும் சேர்ந்து அணைந்தது.

"பத்தவைக்கிறப்போ எல்லாம் எங்கயோ விட்டுப் போகுது. கரி சரியா ஒட்டலையோ?"

"என் கரி இலையிலயே ஒட்டுது. துளைதான் சொரசொரன்னு இருந்திருக்கும்" என்றாள் செம்பக்கா.

"ஓ, கடைசியில என் தலையிலயா?" என்றார் டிரைவர். "நான் முறிச்ச முனையை எல்லாம் சேர்த்தா ஒரு வீட்டுக்கு ஆணி அடிக்கலாம். அவ்வளவு பாடுபட்டுப் போட்டிருக்கேன்."

வாக்குவாதம் நீண்டது. கடைசியில் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்து, ரம்பத்தால் கெட்டுப்போன துளை ஒன்றை நடுவில் பிளந்தான். செம்பக்கா நகைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் சொருகிக்கொண்டு பார்த்தாள். சுவர் முழுக்கச் செம்பு ஏறியிருந்தது. ஒரு குறையும் இல்லை, மின்னியது. ஆனால் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு. கொதிதண்ணீர் ஊற்றின கண்ணாடி டம்ளரில் விழுமே, அந்தக் கோடு.

அவள் கண்ணாடியை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தாள்.

"என்ன அண்ணி?"

"இருடா."

எழுந்து போய் ஒரு எவர்சில்வர் தட்டைத் தொட்டியில் தொங்கவிட்டுச் செம்பு ஏற்றினாள். எவர்சில்வரில் முலாம் பிடிக்காது, தோல் மாதிரி உரிந்து வரும். அந்தத் தோலை உரித்து இரண்டாக மடித்தாள். பிஸ்கட் மாதிரி பட்டென்று ஒடிந்தது.

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இலைத் தோடுகளில் சில காம்பு ஒடிந்து கடையிலிருந்து திரும்பி வருவதுண்டு. காய்ந்த இலை, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிவந்தாள். இலை இல்லை. பளபளப்பு மருந்து ஏற ஏறச் செம்பு அழகாகும், கூடவே விறைத்துப்போகும். காதில் தொங்குகிற தோட்டுக்கு அது பரவாயில்லை. சூடு வைத்துப் பற்றவைக்கிற துளைக்குள் சுவர் கொஞ்சம் நெளிந்து கொடுக்க வேண்டும். அவளுடைய செம்பு நெளியாது, உடையும்.

"துளையும் இல்ல, கரியும் இல்ல. என் தண்ணிதான்" என்றாள். "இத்தனை வருஷமா ஒரு கை சேர்த்தே போட்டுப் பழகிட்டேன்."

"புதுசா ஒரு தொட்டி போட்டுடலாமே அண்ணி?"

"சுத்தமான மயில்துத்தம் வெளியூர்ல இருந்து வரணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வராது."

இருக்கிற தண்ணீரைக் கழுவலாம். அதற்கு வழி அவளுக்குத் தெரியும், ஆனால் செய்ததில்லை. குடிதண்ணீர் வடிகட்டியில் போடுகிற மாதிரியான கரித்தூளைப் போட்டுக் கலக்கினால் மருந்தையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். வடிகட்டி எடுத்தால் வெறும் செம்புத் தண்ணீர் மிஞ்சும். பல வருடம் சொட்டுச் சொட்டாகப் பழக்கின பளபளப்பு ஒரே நாளில் போய்விடும். மறுபடி அதைக் கொண்டுவர எத்தனை நாள் ஆகும், வருமா என்பதே சந்தேகம். அதுவும் கடைக்காரர் ஒருவரின் தோடுகள் அடுத்த வாரம் போக வேண்டிய நேரத்தில்.

அவரைப் போனில் கூப்பிட்டாள். "கொஞ்சம் தாமதமாகும்."

"எவ்வளவு?"

"சொல்லத் தெரியல."

"என்னம்மா நீ, சீசன் நேரத்துல கழுத்தறுக்கற. நான் வேற இடம் பார்க்கவா?"

"பார்க்கறதுன்னா பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.  டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விட்டுடேன்" என்றார். "அக்கா வீட்டுக்கே போயிடலாம். எனக்காக நீ உன் தொட்டியைக் கெடுத்துக்கணுமா?"

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா? அங்க போனா எனக்குத் தொட்டியே இல்ல. இங்கன்னா கெட்ட தொட்டியாவது இருக்கும்."

 அவர் டிரில்லின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, புதுத் தகட்டை எடுத்துக்கொண்டார்.

கரித்தூளைப் போட்டதும் நீலத் தொட்டி சாக்கடையாக மாறியது. செம்பக்கா மரத்துடுப்பால் கிண்டினாள், அடியில் படிய விட்டாள், மேலோடு மொண்டு துணியிலும் வடிகட்டித் தாளிலும் ஊற்றினாள். தாள் அடைத்துக்கொள்ளும், மாற்றுவாள், மறுபடி அடைக்கும். குளியலறைக்குப் போக வழியில்லாமல் வீட்டில் அன்று யாரும் குளிக்கவில்லை. கடைசியில் தெளிந்த நீலமாக, ஒரு கலங்கலும் இல்லாமல் தண்ணீர் வந்தது.

பிரைட்னர் குப்பியைத் திறந்தாள். துளிகூட இல்லாவிட்டால் செம்பு மணல்மணலாக ஏறும். எழுதியிருந்ததில் பாதி அளவு விட்டாள். கை தன்பாட்டுக்கு மேலும் சாய்ந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக் குப்பியை மூடினாள். எவர்சில்வர் தட்டைத் தொங்கவிட்டு, மின்சாரத்தைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி, உரித்து எடுத்தாள். மங்கிய ரோஜா நிறம். அதில் முகம் தெரியாது, நிழல்கூடத் தெரியாது. மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். துணி மாதிரி மடங்கியது.

"அழகே இல்ல" என்றாள்.

"துளைக்குள்ள எட்டிப் பார்த்துப் பொண்ணு பார்க்கவா போறாங்க?" என்றார் டிரைவர்.

இரண்டாவது போர்டு அந்த மங்கிய நிறத்திலேயே வந்தது. மெக்கானிக் இந்த முறை குதிக்கவில்லை. விளக்குகளை எரியவிட்டு, உலர்த்துகிற கருவியால் சூடேற்றினான், பிரிட்ஜுக்குள் வைத்து எடுத்தான், விரலால் அமுக்கினான், மேசையைத் தட்டினான். ஒரே துளையில் வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் பற்றவைத்துப் பார்த்தான். விளக்குகள் அசையவில்லை. பழைய போர்டைப் பிளந்து பார்த்த மாதிரி, எதற்கும் இருக்கட்டும் என்று இதிலும் ஓரத்தில் ஒரு துளையைப் பிளந்தான். செம்பக்கா கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கோடு இல்லை.

சனிக்கிழமை அதை மேலே மாட்டினான். முதலில் ஆளில்லாமல் ஓட்டினான், பிறகு சிமெண்ட் மூட்டைகளை ஏற்றி ஓட்டினான், பிறகு அவனே ஏறி மாடி மாடியாக நின்று நின்று போய்வந்தான். "அண்ணனை நாளைக்கு ஏத்தலாம். இன்னைக்கு ராத்திரி முழுக்க மூட்டைங்க போய் வரட்டும்" என்றான். நாத்தனாருக்குப் போன் செய்யச் செம்பக்கா இரண்டு முறை எடுத்தாள், இரண்டு முறையும் வைத்துவிட்டாள். ஓடி, மறுபடி நின்றுவிட்டால் என்ன சொல்வது? காலையில் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

காலையில் மெக்கானிக் மூட்டைகளை இறக்கிவிட்டு லிஃப்டைத் திறந்துவிட்டான். டிரைவர் கீழே போவதற்காக முகம் மழிக்க உட்கார்ந்தார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை இருக்கும்போது, கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் உள்ளே வந்தாள்.

"மணி என்ன ஆச்சு, இன்னும் ஒரு மூட்டை கட்டலையா? வண்டி கீழ நிக்குது. நீ என்னடா, பாதி மாப்பிள்ளை மாதிரி?"

 ஐந்து மாடியும் படி ஏறி வந்திருந்தால் அவள் முதலில் நாற்காலியில் விழுந்திருப்பாள், தண்ணீர் கேட்டிருப்பாள், அப்புறம்தான் பேச்சு வந்திருக்கும். அவளுக்கு மூச்சே வாங்கவில்லை.

"அக்கா, எப்படி மேல வந்தே?" என்றார் டிரைவர்.

"எப்படி வருவாங்க? லிஃப்டுல…"

அவள் நிறுத்தினாள். மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது.

"ஓடுதா?"

"நேத்துலருந்து ஓடுதுக்கா" என்றாள் செம்பக்கா. "உங்ககிட்ட இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

நாத்தனாரின் முகம் மாறியது. "அந்த அறைக்கு வெள்ளை அடிச்சேன். இவன் இடுப்புக்கு ஏத்த மாதிரி உயரமா கட்டில் பார்த்து வாங்கினேன். ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" 

செம்பக்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள். "தப்புதான் அக்கா. மறுபடி நின்னு போயிடுமோன்னு பயம். கட்டில் வீணாப் போகாது, வாரம் ஒரு தடவை இவரைக் கூட்டிட்டு வரேன். தொட்டியை விட்டுட்டு மட்டும் என்னால வரமுடியாது."

அவள் அதை இதற்கு முன் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்பெனியில போர்டே இல்லைன்னாங்களே, எங்க கிடைச்சுது?"

"நாங்களே பண்ணினோம்" என்றான் மெக்கானிக். "அண்ணன் துளை போட்டாரு, அண்ணி செம்பு ஏத்தினாங்க."

"எங்க பண்ணீங்க?"

"இங்கதான், குளியலறைக்குப் பக்கத்துல."

நாத்தனார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அதுலயாடா நான் ஏறி வந்தேன்? 'ஏறாதீங்க'ன்னு ஒரு பலகை மாட்டக் கூடாதா?"

யார் என்ன சொல்லியும் கேட்கவில்லை. பிரேக் தனி, கயிறு தனி என்று மெக்கானிக் மூச்சுமுட்டச் சொன்னான். "தனியா இருந்தா இருக்கட்டும், எனக்கு என் கால் இருக்கு" என்று படிப்பக்கம் திரும்பினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தாள்.

டிரைவர் நுரையைத் துண்டால் துடைத்தார். ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டார். லிஃப்ட் கதவு மூடும் வரை செம்பக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முன் ஜன்னலுக்கு ஓடினாள்.

நாத்தனார் இரண்டாம் மாடியைத் தாண்டியிருக்க மாட்டாள். கீழே டிரைவர் ஒரு பக்கம் மழித்த, ஒரு பக்கம் மழிக்காத முகத்தோடு வண்டிக்காரன் பக்கத்தில் நின்றார். ஊன்றுகோல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டியின் முன்மூடியைத் தட்டித் திறக்கச் சொன்னார். வண்டிக்காரன் என்னவோ கேட்டான். அவர் உள்ளே காது வைத்துக் கேட்டார், தலையை ஆட்டினார், கையை நீட்டி எதையோ காட்டி விளக்க ஆரம்பித்தார். நாத்தனார் வாசலுக்கு வந்து சேர்ந்து, மூச்சு வாங்கியபடி அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைக் கவனிக்கவே இல்லை.